ஓடுவதற்காகச் செய்யப்படாத கால்

அந்தக் கால் நடப்பதற்காகச் செய்யப்பட்டது. நாற்காலியில் உட்கார, படியேற, கல்லூரிக்குப் போய்வர. தொடையின் மிச்சத்தைக் கவ்விப் பிடிக்க ஒரு கூடு, அதற்குக் கீழே முழங்காலுக்குப் பதிலாக ஒரு மூட்டு, பிறகு உலோகத் தண்டு, கடைசியில் ஷூவுக்குள் நுழைகிற ஒரு பொய்ப்பாதம். 1977இல் முழங்காலுக்கு மேல் காலை இழந்த எவருக்கும் கிடைத்த சராசரிச் சாதனம்தான். அதை மாட்டிக்கொண்டவனின் பெயர் டெரி ஃபாக்ஸ். கனடாவின் மேற்குக் கோடியில், போர்ட் கோக்விட்லம் என்ற ஊரில் வளர்ந்த பதினெட்டு வயதுக் கூடைப்பந்து ஆட்டக்காரன்.

காலை எடுக்க வேண்டி வந்த கதை சின்னதுதான், ஆனால் அதில் ஒரு விஷயம் பின்னால் நமக்குத் தேவைப்படும். 1976 நவம்பரில் ஒரு கார் விபத்து. வலது முழங்காலில் அடி. டிசம்பரில் மறுபடி வலித்தபோது, அடிபட்ட இடம்தானே என்று அவன் பொருட்படுத்தவில்லை. ஆட்டக்காலம் முடியட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஆடினான். 1977 மார்ச்சில் மருத்துவமனைக்குப் போனபோது எலும்புப் புற்று என்றார்கள். ஆஸ்டியோசார்கோமா. வளரும் பிள்ளைகளுக்கு, பெரும்பாலும் முழங்காலை ஒட்டி வருவது. சில நாட்களிலேயே முழங்காலுக்கு மேல் 15 சென்டிமீட்டர் விட்டுக் காலை வெட்டினார்கள். மூன்று வாரத்தில் செயற்கைக்காலில் நடந்துகொண்டிருந்தான்.

அறுவைக்கு முந்தின இரவு அவனுடைய கூடைப்பந்துப் பயிற்சியாளர் ஒரு பத்திரிகைக் கட்டுரையைக் கொண்டுவந்து கொடுத்திருந்தார். டிக் ட்ராம் என்ற அமெரிக்கர், செயற்கைக்காலோடு 1976 நியூயார்க் மாரத்தானை ஓடி முடித்த செய்தி அது. ஆக, இந்தக் காலுக்கு ஒரு முன்னோடி உண்டு. ஆனால் ட்ராம் ஓடியது ஒரு மாரத்தான். டெரியின் தலையில் விழுந்தது வேறு கணக்கு.

அதற்குக் காரணம் மருந்து வார்டு. பதினாறு மாதம் கீமோ. பக்கத்துப் படுக்கைகளில் தன்னைவிடச் சின்னப் பிள்ளைகள். சிலர் அடுத்த முறை வரவில்லை. உனக்குப் பிழைக்கும் வாய்ப்பு நூற்றுக்கு ஐம்பது என்று மருத்துவர்கள் சொன்னார்கள். இரண்டே வருடம் முன்னால் வந்திருந்தால் பதினைந்துதான் என்றும் அவனுக்குத் தெரியவந்தது. ஐம்பதுக்கும் பதினைந்துக்கும் நடுவில் இருந்தது ஆராய்ச்சி, ஆராய்ச்சிக்குப் பின்னால் இருந்தது பணம். நோயிலிருந்து எழுந்த பலர் கடவுளுக்கு நன்றி சொல்கிறார்கள், சிலர் மருத்துவருக்கு. இவன் அந்த முப்பத்தைந்து சதவீதத்துக்குக் கடன்பட்டதாக நினைத்தான். இந்தக் கதையில் என்னை நிறுத்திவைக்கிற இடம் இதுதான், ஓட்டம்கூட இல்லை.

இனிக் காலைப் பார்ப்போம். முழங்காலுக்கு மேல் வெட்டியவர்களுக்கு ஓட்டம் ஏன் கடினம்? நடக்கும்போது பொய்க்கால் பின்னால் மடங்கி, முன்னால் வீசி, நீண்டு நேராகி நின்ற பிறகுதான் உடம்பின் எடையைத் தாங்கும். நேராகும் முன் எடையைப் போட்டால் மூட்டு மடங்கி ஆளைக் கவிழ்த்துவிடும். நடை வேகத்தில் அதற்கு நேரம் கிடைக்கிறது. ஓட்டத்தில் கிடைக்காது. அவனுடைய காலின் ஸ்பிரிங் பழைய நிலைக்குத் திரும்ப ஒரு கணம் கூடுதலாக வேண்டியிருந்தது. அந்த ஒரு கணத்தை அவன் நல்ல காலால் ஈடுகட்டினான். இடது காலில் ஒரு தத்து அதிகம், பிறகு வலது. நம் பிள்ளைகள் தெருவில் ஆடும் நொண்டியில் பாதியும் ஓட்டத்தில் பாதியும் கலந்த மாதிரி ஒரு நடை. பழைய படச்சுருள்களில் பார்த்தவர்களுக்கு அந்தத் தாளம் மறக்காது. உலகம் பிற்பாடு வீரத்தின் அடையாளமாக எடுத்துக்கொண்ட அந்த அசைவு, உண்மையில் ஒரு இயந்திரக் குறைக்குக் கண்டுபிடித்த மாற்றுவழி.

அதற்கு விலை இருந்தது. எலும்பில் கன்றல், கொப்புளம், வெட்டுவாயில் கட்டிகள். ஓட ஆரம்பித்து இருபது நிமிடம் வரை வலி உயிர்போகும், அந்த எல்லையைத் தாண்டினால் எளிதாகிவிடும் என்று கண்டுகொண்டான். பதினான்கு மாதம் பழகினான். 1979இல் பிரின்ஸ் ஜார்ஜ் நகரில் 17 மைல் ஓட்டத்தில் கடைசியாக வந்தான். அவனுக்கு முன்னால் வந்தவர் பத்து நிமிடம் முன்பே முடித்திருந்தார். அதன் பிறகுதான் வீட்டில் முழுத் திட்டத்தையும் சொன்னான்: கனடாவை ஒரு கடலிலிருந்து இன்னொரு கடல்வரை ஓடிக் கடப்பது. தினமும் ஒரு மாரத்தான், அதாவது நாற்பத்திரண்டு கிலோமீட்டர்.

புற்றுநோய்ச் சங்கத்துக்குக் கடிதம் எழுதினான். அவர்கள் நம்பவில்லை, மருத்துவச் சான்றும் ஆதரவாளர்களும் கிடைத்தால் பார்க்கலாம் என்றார்கள். ஃபோர்டு ஒரு வேன் கொடுத்தது, இம்பீரியல் ஆயில் எரிபொருள், அடிடாஸ் ஷூ. எங்கள் பொருளைப் புகழ்ந்து பேச வேண்டும் என்று கேட்ட கம்பெனிகளைத் திருப்பி அனுப்பினான். பயணத்தால் யாரும் இலாபம் பார்க்கக் கூடாது என்பது நிபந்தனை.

1980 ஏப்ரல் 12. நியூஃபவுண்ட்லாந்தின் செயின்ட் ஜான்ஸ் அருகே அந்தச் செயற்கைக்காலை அட்லாண்டிக் கடலில் நனைத்தான். இரண்டு பாட்டில் கடல்நீர் பிடித்துக்கொண்டான். ஒன்று தனக்கு, இன்னொன்று பசிபிக்கில் ஊற்ற. நண்பன் டக் ஆல்வர்ட் வேனை ஓட்ட, இவன் சாலையோரம் தத்தினான். அரைக்கால் சட்டைதான் போட்டிருந்தான், காலை மறைக்கவில்லை. அன்றைக்கு இது சாதாரணமல்ல. செயற்கைக்கால் என்றால் பேண்டுக்குள் ஒளிந்திருக்க வேண்டிய பொருளாக இருந்த காலம். உலோகத் தண்டைப் பார்த்தவர்கள் முதலில் முகத்தைத் திருப்பினார்கள். பிறகு காரை நிறுத்திப் பணம் கொடுத்தார்கள்.

ஆரம்பத்தில் வரவு சொற்பம். போர்ட் ஓ பாஸ்க் என்ற ஊரில்தான் திருப்பம். பத்தாயிரம் பேர் கொண்ட அந்தச் சின்ன ஊர் பத்தாயிரம் டாலருக்கு மேல் திரட்டிக் கொடுத்தது. தலைக்கு ஒரு டாலர். இதை ஏன் நாடு முழுக்கக் கேட்கக் கூடாது? கனடாவின் மக்கள்தொகை அப்போது 2 கோடியே 40 லட்சம். அத்தனை டாலர் என்பது இலக்காயிற்று. பிரெஞ்சு பேசும் கியூபெக்கில் இவன் யார் என்றே பெரும்பாலோருக்குத் தெரியவில்லை, வண்டிகள் சாலையை விட்டு இறங்கச் சொல்லி ஒலியெழுப்பின. ஒன்டாரியோவில் கதை மாறியது. ஜூலையில் டொரன்டோவின் நகரச் சதுக்கத்தில் பத்தாயிரம் பேர் கூடினார்கள், அந்த ஒரு நாளில் ஒரு லட்சம் டாலர் சேர்ந்தது.

செப்டம்பர் 1ஆம் தேதி, தண்டர் பே நகருக்கு வெளியே, இருமலும் நெஞ்சுவலியும் தாளாமல் வேனில் ஏறினான். நோய் நுரையீரலுக்குப் பரவியிருந்தது. இந்தப் புற்று முதலில் தேடிப்போகிற இடம் அதுதான். 143 நாள், 5,373 கிலோமீட்டர். அதுவரை திரண்டது 17 லட்சம் டாலர். ஒரு வாரத்தில் தொலைக்காட்சியில் ஐந்து மணிநேர நிகழ்ச்சி ஒன்றில் 1 கோடியே 5 லட்சம் டாலர் வந்தது. 1981 பிப்ரவரியில் கணக்கு 2 கோடியே 41 லட்சத்தைத் தாண்டியது. தலைக்கு ஒரு டாலர் முடிந்தது. ஜூன் 28ஆம் தேதி, இருபத்துமூன்றாவது பிறந்தநாளுக்கு ஒரு மாதம் முன்னால், டெரி இறந்தான்.

நோயிலிருந்து மீண்டவன் ஓடிய ஓட்டம் என்றே இந்தக் கதையைச் சொல்வார்கள். மீளவில்லை என்பதை நாசூக்காக விட்டுவிடுவார்கள். மீண்டதாக நினைத்து ஓடினான், அவ்வளவுதான்.

கால் அதோடு நின்றுவிடவில்லை. ஓட்டத்துக்குப் போகும்போதே மாற்றுக்கால்கள் உடன் போயிருந்தன, ஆகவே 'டெரியின் கால்' என்பது ஒற்றைப் பொருளல்ல. கண்ணாடிப் பேழைக்குள் போனது ஒன்று. 1982இல் தண்டர் பேயில் ஒன்பதடி உயர வெண்கலச் சிலையில் அது வெண்கலமாயிற்று. 2005இல் கனடாவின் ஒரு டாலர் நாணயத்தில் ஏறியது. புழக்க நாணயத்தில் இடம்பெற்ற முதல் கனடியர் அவன்தான். ஆளுக்கு ஒரு டாலர் கேட்டவனை அதே ஒரு டாலரில் பொறித்தது நாணயச்சாலைக்காரர்களின் நல்ல புத்தி. கூடவே போன வேனின் கதை வேறு தினுசு: விற்கப்பட்டு, கைமாறி, ஒரு ராக் இசைக்குழுவின் சாமான்களைச் சுமந்து வருடக்கணக்கில் ஊர் சுற்றியது. பிறகு அடையாளம் கண்டு மீட்டுப் புதுப்பித்தார்கள்.

பசிபிக்கைத் தொட்டது வேறொருவரின் கால். ஸ்டீவ் ஃபோன்யோ. பன்னிரண்டு வயதில் புற்றால் இடது காலை இழந்தவர். 1984 மார்ச்சில் கிளம்பி, 1985 மே மாதம் விக்டோரியாவில் கடலில் காலை நனைத்தார். 7,924 கிலோமீட்டர். ஏறக்குறைய 1 கோடியே 40 லட்சம் டாலர் திரட்டினார். பின்னாளில் வழக்குகளில் சிக்கினார், நாடு கொடுத்த விருதைத் திரும்ப வாங்கிக்கொண்டது. முழுத் தூரத்தையும் கடந்தவர் இவர். ஆனால் நாணயம் பாதியில் நின்றவனுக்கு. மக்களின் நினைவுக்குத் தனிக் கணக்கு உண்டு, அது எப்போதும் நியாயமான கணக்கு என்று சொல்ல முடியாது.

டெரியின் ஓட்டம் நடந்துகொண்டிருந்தபோதே ஐசடோர் ஷார்ப் என்ற ஹோட்டல் அதிபர், மகனைப் புற்றுக்குப் பறிகொடுத்தவர், ஆதரவுக்கு நின்றார். ஓட்டம் நின்றதும், வருடாவருடம் உன் பெயரில் ஓட்டம் நடத்துவோம் என்று தந்தி அடித்தார். டெரி ஒப்புக்கொண்டான், பந்தயமாக இருக்கக் கூடாது என்றான். 1981 செப்டம்பரில் முதல் ஓட்டத்தில் 3 லட்சம் பேர். முதல் பரிசு கிடையாது, நேரக் கணக்கு கிடையாது. ஓடலாம், நடக்கலாம், சக்கர நாற்காலியில் வரலாம். இன்றுவரை திரண்ட தொகை 80 கோடி டாலருக்கும் மேல். பிற நாடுகளில் திரளும் பணம் அந்தந்த நாட்டின் புற்றுநோய் ஆராய்ச்சிக்கே போகும். மும்பையில் இது நடந்திருக்கிறது, சென்னையில் ஐ.ஐ.டி. வளாகத்து மரங்களுக்கு நடுவே நடந்திருக்கிறது.

டெரி இறந்த அதே 1981இல் இந்தியாவில் இரண்டு விஷயம் நடந்தன. ஜெய்ப்பூர் கால் செய்த டாக்டர் பி.கே. சேத்திக்கு மகசேசே விருது கிடைத்தது. திருச்சிப் பக்கம் நடந்த பஸ் விபத்தில் சிக்கிய இளம் நர்த்தகி சுதா சந்திரனுக்குக் கால் அழுகி, எடுக்க வேண்டி வந்தது. இரண்டும் பிறகு ஒன்றையொன்று சந்தித்தன: அவர் ஜெய்ப்பூர் காலோடு 1984இல் மேடையேறினார், 'மயூரி' படத்தில் தன் கதையிலேயே நடித்தார். சேத்தியோடு இந்தக் காலை உருவாக்கிய ராமச்சந்திர சர்மா பள்ளிப்படிப்பு அதிகம் இல்லாத கைவினைஞர். ஷூ போடாமல் நடக்க, சம்மணம் போட, குந்த, சேற்று வயலில் இறங்க என்று நம் ஊர் உடம்பு கேட்பதை ரப்பரில் வடித்தார்கள். மேற்கத்தியப் பொய்ப்பாதம் நம் விவசாயிக்கு உதவாததற்குக் காரணம் விலை மட்டுமல்ல, அது நாற்காலியில் உட்காரும் ஆளுக்குச் செய்த பொருள்.

ஆனால் ஜெய்ப்பூர் காலின் பலம் பாதத்தில். முழங்காலும் சேர்ந்து போனவர்களுக்கு மூட்டுதான் பிரச்சினை, டெரிக்கு இருந்த அதே பிரச்சினை. ஸ்டான்ஃபோர்டு மாணவர்களும் ஜெய்ப்பூர் காலைப் பொருத்தும் அமைப்பும் சேர்ந்து மலிவான பிளாஸ்டிக் மூட்டு ஒன்றைச் செய்தார்கள், 2009இல் டைம் பத்திரிகை அதை வருடத்தின் சிறந்த கண்டுபிடிப்புகளில் சேர்த்தது. பாராலிம்பிக்கில் பார்க்கிற வளைந்த கார்பன் தகடு, தானே காலை இழந்த வான் ஃபிலிப்ஸ் என்ற அமெரிக்கரிடமிருந்து வந்தது. ஓடுவதற்காகவே கால் செய்யும் காலம் டெரிக்குப் பிறகுதான் வந்தது.

இந்தப் பொருளின் வாழ்க்கையில் ஆகப்பெரிய திருப்பம், அது உடம்புக்குள் போனதுதான். கீமோ மேம்பட்ட பிறகு, கட்டி இருக்கும் எலும்புத் துண்டை மட்டும் எடுத்துவிட்டு அந்த இடத்தில் உலோக எலும்பையும் மூட்டையும் பொருத்துகிறார்கள். வெளியிலிருந்து பார்த்தால் சொந்தக் கால். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் நம்மவர்களுக்குக் கட்டுப்படியாகாத இந்தச் சாதனத்தை இங்கேயே செய்வித்துப் பொருத்தும் வழியை உருவாக்கியவர் சென்னையின் எலும்பு மருத்துவர் மயில்வாகனன் நடராஜன். 1980களின் கடைசியிலிருந்து அந்த வேலை நடக்கிறது. 2007இல் பத்மஸ்ரீ. டெரிக்கு வந்த அதே கட்டி இன்று நேரத்தோடு கண்டுபிடிக்கப்பட்டால், பெரும்பாலும் வெட்டுவதற்குக் கால் கேட்கமாட்டார்கள்.

நேரத்தோடு. அந்த ஒரு சொல்லில்தான் எங்கள் பக்கத்துக் கதை இருக்கிறது.

எங்கள் ஹனூர், கர்நாடகத்தில், முன்பு மைசூர் மாவட்டமாக இருந்து 1997இல் பிரிந்த சாமராஜநகரில் இருக்கிறது. அதற்கும் முன்னால், 1956 வரை, ஹனூர் அடங்கிய இந்தக் கொள்ளேகால் சீமை கோயம்புத்தூர் மாவட்டத்தோடு இருந்தது. அதனால் வீட்டுக்குள் தமிழும் சந்தையில் கன்னடமும் பேசும் குடும்பங்கள் இங்கே நிறைய. நடப்பது இந்த ஊருக்குப் புதிதல்ல. சிவராத்திரிக்கும் உகாதிக்கும் தீபாவளிக்கும் மாதேஸ்வரன் மலைக்குப் போகும் பாதயாத்திரைக் கூட்டம் இந்தச் சாலையில்தான் நிரம்பி வழியும். ராமாபுரம், கௌதள்ளி, தாளபெட்டா என்று காட்டுக்குள் ஏறும் அந்த வழி, ஹனூரிலிருந்து கணக்கிட்டால் ஒரு மாரத்தான் தூரத்தைவிடக் கூடுதல். அதைச் செருப்பில்லாமல் நடந்து முடிக்கிற கிழவிகளுக்கு மெடல் கிடையாது. உடம்பு பிழைத்ததற்கு நேர்ந்துகொண்டு நடப்பவர்களும் அதில் உண்டு. டெரியின் கணக்கை அவர்களுக்கு விளக்க அதிக நேரம் ஆகாது, காணிக்கை எந்த உண்டியலுக்கு என்பது மட்டும்தான் வித்தியாசம்.

உண்டியலை மருத்துவமனைக்குத் திருப்புகிற பழக்கமும் நமக்கு அந்நியமில்லை. தங்கையை 1923இல் புற்றுக்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, முப்பது வருடம் அரசாங்கக் கதவுகளையும் வீட்டுக் கதவுகளையும் தட்டித்தான் 1954இல் அடையாறில் பன்னிரண்டு படுக்கையோடு புற்றுநோய் மருத்துவமனையைத் திறந்தார். இலங்கையில் 2011இல் நாதன் சிவகணநாதனும் சரிந்த உனம்பூவேயும் முன்னின்று, தென்கோடித் தெவுந்தரயிலிருந்து வடகோடிப் பருத்தித்துறைக்கு 27 நாள், 670 கிலோமீட்டர் நடந்தார்கள். போர் முடிந்து இரண்டே வருடம். தமிழரும் சிங்களவரும் சேர்ந்து நடந்து திரட்டிய அந்தப் பணத்தில் யாழ்ப்பாணத்துத் தெல்லிப்பளையில் புற்றுநோய் மருத்துவமனை எழுந்தது. 2016இல் அதே தூரத்தை வடக்கிலிருந்து தெற்கே நடந்தார்கள், காலியின் கராப்பிட்டிய மருத்துவமனைக்காக.

நகரங்களில் இன்று நடக்கும் பல ஓட்டங்களை நினைத்தால், இதெல்லாம் வேறு உலகம். நுழைவுக் கட்டணம், கம்பெனிப் பெயர் போட்ட டி-ஷர்ட், முடித்ததும் செல்ஃபி. நோயாளிக்குப் போகும் பங்கு எவ்வளவு என்று கேட்டால், பதில் எல்லா இடத்திலும் நேராக வராது. ஓடுவது தப்பு என்று நான் சொல்லவில்லை. பொருளைப் புகழச் சொன்ன கம்பெனியைத் திருப்பி அனுப்பிய பையனின் பெயரைச் சொல்லிக்கொண்டு செய்யும்போது கொஞ்சம் உறுத்துகிறது.

ஹனூரில் ஒரு ஓட்டம் நடந்தால் அந்தப் பணம் ஆராய்ச்சிக்குப் போக வேண்டாம் என்பது என் கட்சி. டெரியின் காலத்தில் பதினைந்தை ஐம்பதாக்கியது ஆராய்ச்சி. எங்கள் பக்கத்துப் பையனுக்கு அந்த ஆராய்ச்சியின் பலன் பெங்களூர் கித்வாய் புற்றுநோய் மருத்துவமனையில் இருக்கிறது, மைசூரில் இருக்கிறது, அடையாறில் இருக்கிறது. அவனுக்கும் அதற்கும் நடுவில் இருப்பது வேறு. கபடியில் அடிபட்டது என்று முழங்காலுக்கு எண்ணெய் போட்டு உருவிவிடுகிறார்கள். பிறகு கட்டுப் போடுகிறவரிடம் மாவுக்கட்டு. வீக்கம் குறையவில்லை என்றால் இன்னொரு கட்டு. கட்டியை உருவுவதும் அழுத்துவதும் கெடுதல் என்று யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள். பதின்வயதுப் பிள்ளைக்கு முழங்கால் பக்கம் வலி இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் போனால், முக்கியமாக இரவில் எழுப்பும் வலியும் அடங்காத வீக்கமும் இருந்தால், முதலில் வேண்டியது ஒரு எக்ஸ்ரே. கொள்ளேகால் அரசு மருத்துவமனைக்குப் போய் எடுத்துவிடலாம். அதில் சந்தேகம் வந்தால் உள்ளூரில் கத்தி வைக்காமல், எலும்புப் புற்று பார்க்கிற இடத்துக்கே நேராக அனுப்ப வேண்டும். தப்பான இடத்தில் எடுக்கும் சதைச் சோதனைகூட, காப்பாற்றியிருக்கக்கூடிய காலைப் பறித்துவிடும்.

அதற்குப் பிறகு மாதக்கணக்கில் கீமோ. ஒவ்வொரு முறையும் இரண்டு பேருக்குப் பஸ், தங்க ஒரு இடம், உடன் வருகிற அப்பாவுக்குப் போகிற கூலி. பாதியில் சிகிச்சையை விடுகிறவர்களில் பலர் விடுவது மருந்துக்குப் பயந்து அல்ல, இந்தச் செலவுக்குப் பயந்துதான். தலைக்கு ஒரு ரூபாய் என்று வைத்தால் போதாது. பத்து ரூபாய் என்று வைத்து, மலைக்குப் போகும் கூட்டத்திடம் ராமாபுரம் பந்தலிலும் கௌதள்ளிப் பந்தலிலும் கேட்டுப் பார்க்கலாம், மோர் கொடுக்கும் இடத்திலேயே.